வேற ஆளு

தேசப்பன் சோற்றில் கை வைத்திருந்தபோது கங்கம்மா பின்னாலிருந்து வந்து மீன் வெட்டும் கத்தியை அவன் தோளில் இறக்கினாள்.

கழுத்துக்குத்தான் ஓங்கினாள். குழம்புச் சட்டியை இழுக்க அவன் குனிந்ததால் வெட்டு தோள்பட்டையில் விழுந்து எலும்பில் முட்டி நின்றது. கத்தியை உருவி மறுபடி ஓங்குவதற்குள் அவன் புரண்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். சட்டி கவிழ்ந்தது. குழம்பும் ரத்தமும் ஒன்றாக மண்தரையில் ஓடின.

"எம் புருசன எங்கடா வெச்சிகீற? சொல்லுடா! கடல்ல தள்ளிட்டியா? அவுரு லுங்கியக் கட்டிக்கினு, அவுரு தட்டுல துண்ணா நீ அவுராயிடுவியாடா?"

பக்கத்துக் குடிசையில் கங்கம்மாவின் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மா, தேசப்பனின் அக்கா, குழந்தையோடு ஓடி வந்தாள். உள்ளே பார்த்ததும் குழந்தையை வாசல் மணலில் கிடத்திவிட்டுக் கங்கம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். வெளியே வலை பின்னிக்கொண்டிருந்த லூர்துசாமியும் வந்தான். தேசப்பனோடு ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். மூன்று பேருமாகச் சேர்ந்துதான் அவள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்க முடிந்தது. லூர்துசாமியின் கையில் அவள் பல் பதிந்திருந்தது.

கோவிந்தம்மா காப்பித்தூளை அள்ளி வெட்டில் அப்பினாள். ரத்தம் நிற்கவில்லை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர் எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, "மரத்துல வஞ்சிரம் வெட்டிக்கினு இருந்தோம் சார், அலையில கத்தி சறுக்கிருச்சி" என்று லூர்துசாமி சொன்னான்.

"முதுகுப் பக்கமா சறுக்குச்சா?" என்றார் அவர்.

அடையாறு கடலில் விழுகிற முகத்துவாரத்துக்கு வடகரையில் அவர்களுடைய குப்பம். கங்கம்மா மீன்கூடையோடு மந்தைவெளி, அபிராமபுரம் என்று தெருத்தெருவாகப் போவாள். அவளுடைய வாய் அந்தத் தெருக்களில் பெயர் போனது. மீன் நாறுகிறதே என்று ஒரு வீட்டம்மா சொன்னால், "மூக்கச் சிந்திட்டு மோந்து பாரு தாயி" என்பாள். சொல்லிவிட்டு இரண்டு நெத்திலி கூடுதலாகப் போட்டுவிட்டும் போவாள். ஆனால் அந்த வாய் குடிசைக்குள் நுழைந்ததும் அடங்கிவிடும். சாராயக் கடைகளை அரசாங்கமே திறந்துவிட்ட பிறகு தேசப்பன் கரையேறியதும் நேராக அங்கேதான் போவான். குடித்துவிட்டு வந்தால் கை நீளும். விடிந்ததும் எதுவும் நடக்காததுபோல, "கங்கா, கஞ்சி ஊத்து" என்பான். அவளும் ஊற்றுவாள். குப்பத்தில் பாதி வீடுகளில் இதுதான் கதை என்பதால் யாரும் இதைப் பேசுவதில்லை.

முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்தது. இரண்டாவது, போன வருஷம் மாசியில், ஏழாம் மாதம் செத்துப் பிறந்தது. மூன்றாவதாக இந்தப் பெண் குழந்தை, ஐப்பசி மழையில் பிறந்தது. கடல் கொந்தளித்துக் கட்டுமரங்களை எல்லாம் மேட்டில் ஏற்றிப் போட்டிருந்த நேரம். குடிசைக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கருவாட்டுத் துண்டும் கஞ்சியும்தான் சாப்பாடு. வலி எடுத்து இரண்டு நாள் கிடந்து பெற்றாள். பிறகு காய்ச்சல் கண்டது. ஜன்னி வந்து பிதற்றினாள். பிழைக்கமாட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பிழைத்தாள். காய்ச்சல் விட்ட காலை, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தேசப்பனை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யக்கா, இந்தாளு யாரு?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

கோவிந்தம்மா சிரித்துவிட்டாள். "உன் வூட்டுக்காரன்தான்மே. நல்லா பாரு."

"மூக்கு அவுருதுதான். கண்ணும் அதேதான். ஆனா இது அவுரு இல்லக்கா. வேற ஆளு."

பச்சை உடம்பு, புலம்புகிறது, சரியாகிவிடும் என்றார்கள். மற்ற எல்லாரையும் அவளுக்குத் தெரிந்தது. கோவிந்தம்மாவைத் தெரிந்தது, லூர்துசாமியைத் தெரிந்தது, யார் வீட்டு ஆடு எது என்றுகூடத் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள். தேசப்பன் உள்ளே வந்தால் மட்டும் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். கடல் கொஞ்சம் அடங்கியதும் அவன் லூர்துசாமியோடு மரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பால் சுறா பிடித்து வந்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று கோவிந்தம்மா பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தாள். கங்கம்மா ரசித்துத் தின்றாள். பாதியில், "ஏதுக்கா சுறா?" என்றாள்.

"தேசப்பன்தான் புட்சாந்தான்."

தொண்டைக்குள் விரலை விட்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். விஷம் வைத்துவிட்டான் என்று அலறினாள். அன்றிலிருந்து குழந்தையைக் கோவிந்தம்மா தன் குடிசைக்குக் கொண்டுபோய்விட்டாள். அதன் பிறகுதான் கத்தி.

கத்திக்குப் பிறகு காரணம் தேடுகிற வேலையைக் குப்பம் எடுத்துக்கொண்டது. போன ஆடியில் முகத்துவாரச் சுழலில் செத்த ஒருவனுடைய ஆவி என்றாள் கோவிந்தம்மா. கங்கம்மாவின் சித்தி காசிமேட்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தவள்தானே, ரத்தத்தில் வந்தது என்றார் ஒரு கிழவர். லூர்துசாமி, காய்ச்சல் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்றான். மாசியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஆவி என்ற பேச்சுதான் ஜெயித்தது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கபாலி என்ற மந்திரவாதியை அழைத்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில், எல்லையம்மன் கோயில் எதிரே மணலில், கங்கம்மாவைக் கட்டுமரக் கயிற்றால் கை கட்டி உட்கார வைத்தார்கள். தேசப்பன் ஒரு கை தொங்கிக் கிடக்க, மறு கையால் அவளுடைய கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கபாலி சட்டியில் நெருப்பை வைத்து, காய்ந்த மிளகாயைக் கொட்டி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். சுற்றி நின்றவர்கள் இருமிக்கொண்டே பின்வாங்கினார்கள்.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

"கங்கம்மா."

பிரம்பு அவள் முதுகில் விழுந்தது.

"அவ பேரக் கேக்கல. உள்ள குந்திகினுகீறியே, உம் பேரச் சொல்லு!"

"நா கங்கம்மாதாங்க. இவனக் கேளுங்க. கால புட்சிகினுகீறானே, இவன் பேரு இன்னான்னு கேளுங்க!"

மறுபடி பிரம்பு. ரவிக்கை கிழிந்தது. பால் கட்டியிருந்த மார்பில் அடி பட்டபோது அவளுடைய கத்தல் கடல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தாளமுடியாமல் வாயில் வந்த பெயரை எல்லாம் சொன்னாள். முனியன் என்றாள், மாரி என்றாள், மந்தைவெளியில் மீன் வாங்குகிற ஒரு வீட்டம்மாவின் பெயரைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கபாலி, "பொய்!" என்று சொல்லி அடித்தான். அவள் முதுகில் ரத்தம் கோடு கோடாகக் கிளம்பியது. கடைசியில் அவள் அழுதுகொண்டே, "மாமா! எங்க கீற மாமா? என்னைக் கொல்றாங்க, வா மாமா!" என்று கடல் பக்கமாகப் பார்த்துக் கத்தினாள்.

தேசப்பன் அவள் கால்களை விட்டான். எழுந்து கபாலியின் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தான். முறிந்த துண்டால் அவன் முகத்தில் அடித்தான். கபாலி விழுந்ததும் மேலே ஏறி உட்கார்ந்து, நல்ல கையால் குத்தினான். மூக்குடைந்தது. நெருப்புச் சட்டி கவிழ்ந்து கபாலியின் வேட்டி பற்றிக்கொண்டது. லூர்துசாமியும் இன்னும் இரண்டு பேரும் வந்து இழுக்காவிட்டால் கொன்றிருப்பான். தையல் பிரிந்து அவனுடைய முதுகெல்லாம் ரத்தம்.

மணலில் குப்புறக் கிடந்த கங்கம்மாவிடம் போய்க் கயிற்றை அவிழ்த்தான். மிளகாய்ப் புகையில் அவளுடைய கண்கள் இரண்டும் வீங்கி மூடிப்போயிருந்தன.

"கங்கா" என்றான்.

அவள் அசையாமல் இருந்தாள். பிறகு கையை நீட்டிக் காற்றில் தடவினாள்.

"மாமா? வந்துட்டியா மாமா? எங்க போன இத்தினி நாளா?" அவனுடைய மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கோவிந்தம்மா, ஆவி இறங்கிவிட்டது என்று அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்று முழுவதும் கங்கம்மா அவனுடைய கையை விடவில்லை. அவன் ஊட்டிய கஞ்சியைக் குடித்தாள்.

அடுத்த நாள் வீக்கம் வடிந்து கண் திறந்ததும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். விரல்நகத்தால் அவன் கன்னத்தைக் கிழித்தாள்.

எதனால் என்று தேசப்பனுக்குப் புரிய இன்னும் சில நாட்கள் ஆயின. ஒரு சாயங்காலம் குடிசைக்குப் பின்னால் நின்று லூர்துசாமியோடு பேசிக்கொண்டிருந்தான். கீற்றுத் தட்டிக்கு உள்ளேயிருந்து, "மாமா! நீயா?" என்று கேட்டது. அவளுக்கு அவனுடைய முகம்தான் பகை, குரல் பகையில்லை. அதன் பிறகு கரையேறியதும் அவன் சாராயக் கடைக்குப் போகாமல் தட்டிக்குப் பின்னால் வந்து மணலில் உட்கார ஆரம்பித்தான். உள்ளே அவள் தட்டியில் சாய்ந்துகொள்வாள்.

"துண்ணியா கங்கா?"

"அக்கா குடுத்துச்சி. நீ எங்க மாமா துண்ண?"

"லூர்து வூட்ல."

"உள்ள வரக்கூடாதா?"

"வர முடியாதுமே. கொஞ்ச நாளு."

"அவனுக்குப் பயந்துகினுகீறியா?"

தேசப்பன் மணலை அளைந்தான். "யாருக்கு?"

"இங்க இருக்கானே, அவனுக்கு. உன்னாட்டமே கீறான் மாமா. நடையக்கூட கத்துகினுகீறான். நீ ஒரு வேல பண்ணு. அவன் துண்றப்ப நீ பின்னால வா. நா கால புட்சிக்கிறேன், நீ வெட்டு. நா வெட்டுனேன், செரியா விழல."

"எதுக்குமே அவன வெட்டணும்? உன்ன இன்னா பண்ணான்?"

கீற்று சரசரத்தது; அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அடிப்பான் மாமா. குட்ச்சிட்டு வருவான். நீ இல்லாத நாளாப் பாத்து வருவான். நீ வந்தா பதவிசா கஞ்சி கேப்ப. அவன் வந்தா தலமயிரப் புட்சிகினு செவுத்துல மோதுவான்."

"இப்பவும் அடிக்கிறானா?"

"இப்ப இல்ல. வயித்துல புள்ள இருந்துச்சே, மாசியில. கொயம்புல உப்பு இல்லன்னு ஒதச்சான். இங்க, அடிவயித்துல. மூணு நாளு அது ஆடவேயில்ல மாமா. அப்பறம் செத்துதான் வந்துச்சி. நா உங்கிட்ட சொல்லல. சொன்னா நீ அவனக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவன்னு சொல்லல."

தேசப்பன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டான். அந்த நாளின் ஒன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை. பிள்ளை செத்துப் பிறந்தது விதி என்றுதான் கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக நினைத்திருந்தான்.

"மாமா, கீறியா?"

"கீறன்" என்றான்.

அவளிடம் மீன் வாங்கும் குல்சும் என்ற அம்மாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்தாள். கூடை ஏன் வரவில்லை என்று விசாரித்துக்கொண்டு குப்பத்துக்கே வந்துவிட்டாள். கங்கம்மாவின் முதுகைப் பார்த்து, "அடப்பாவிங்களா, நோயாளியப் போட்டு அடிச்சிகீறிங்களே" என்று எல்லாரையும் வைதாள். அவள் சொல்லித்தான் தேசப்பனும் லூர்துசாமியும் அந்த ஆஸ்பத்திரியின் மனநோய் டாக்டர் மாணிக்கவாசகத்தைப் பார்க்கப் போனார்கள். தென்காசிப் பக்கத்து மனிதர். நடந்ததை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"இந்த மாதிரி நான் ரெண்டு பேரப் பாத்திருக்கேன்" என்றார். "பிரசவத்துக்குப் பெறவு புத்தி கலங்குறது நெறைய. அதுல இப்பிடி ஒண்ணு. முகம் தெரியுது, ஆனா நம்ம ஆளுங்கிற நெனப்பு வரல. நெனப்பு வராததுனால வேற ஆளுன்னு மனசு முடிவு பண்ணிருது. அவங்க பொய் சொல்லல. உங்களப் பாத்தா நெசமாவே அவங்களுக்கு அந்நியன்தான்."

"எதனால சார் வந்துச்சி? ஆவியா, ரத்தமா, காச்சலா?"

"ஆவி இல்ல. மத்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சித்திக்கு இருந்துதுன்னா இவங்களுக்கும் ஒரு பலவீனம் இருக்கலாம். காய்ச்சல் அதத் தட்டி எழுப்பியிருக்கும். ஒறக்கம் கெட்டது, ரத்தம் போனது. ஒரே ஒரு காரணத்தச் சொல்லி ஒங்கள அனுப்ப எனக்குத் தெரியல." நிமிர்ந்து பார்த்தார். "அடிப்பீங்களா?"

லூர்துசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். தேசப்பன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அடிப்பேன் சார். புள்ளையக் கொன்னுட்டேன்."

டாக்டர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அதுவும் சேரும்" என்றார். "கூட்டிட்டு வாங்க. கட்டி இழுத்துட்டு வராதீங்க."

கட்டாமல் எப்படிக் கூட்டி வருவது? தேசப்பன் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவளிடம் பேசினான். அந்த ஆள் மேல் புகார் கொடுக்கப் போகிறோம், ஆட்டோவில் நான் முன்னால் இருப்பேன், நீ அக்காவோடு பின்னால் ஏறு, என் முகத்தைப் பார்க்காதே, அவனுக்குத் தெரிந்துவிடும் என்றான். அவள் சந்தோஷமாகத் தலை வாரிக்கொண்டாள். குழந்தையை லூர்துசாமியின் மனைவியிடம் விட்டார்கள். தேசப்பன் தலையில் துண்டைச் சுற்றி முகத்தை மறைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். திரும்பாமலே பேசிக்கொண்டு வந்தான். அவளும் பேசிக்கொண்டு வந்தாள். புகார் கொடுத்ததும் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றாள். பெயர்கூடச் சொன்னாள். கோவிந்தம்மா பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கடற்கரைச் சாலைக்கு வந்ததும் வாடைக்காற்று அடித்துத் துண்டை அவிழ்த்துவிட்டது. அவன் அதைப் பிடிக்கிறதற்குள் கண்ணாடியில் அவனுடைய முகம் அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தின் வாய், "ஒண்ணியும் இல்ல கங்கா, காத்து" என்றது.

அவள் கத்தவில்லை. அவன் தோளில் தொங்கிய துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து, கழுத்தில் போட்டு, காலை இருக்கைக் கம்பியில் உதைத்துக்கொண்டு இறுக்கினாள். தேசப்பனின் கால் டிரைவரை உதைத்தது. ஆட்டோ நடைபாதைக் கல்லில் மோதி மணலில் சாய்ந்தது. கோவிந்தம்மாவின் நெற்றி பிளந்தது. கங்கம்மா துண்டை விடவில்லை. சாய்ந்த வண்டிக்குள் அவனுடைய முதுகில் முழங்காலை ஊன்றி இறுக்கினாள்.

"கொரலையும் திருடிட்டியாடா? கொரலு ஒண்ணுதான்டா இருந்துச்சி எனக்கு! அதையும் எடுத்துக்கினியா!"

கண் பிதுங்கியும் தேசப்பன் அவளைத் தள்ளவில்லை. சுண்டல் விற்றவர்களும் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் ஓடி வந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். டாக்டர் எதை வேண்டாம் என்றாரோ அதுவே ஆயிற்று. கயிறு போட்டுக் கட்டித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மாத்திரை கொடுத்தார்கள். தலையில் கரண்டு வைத்தார்கள். முதலில் அவள் பல நாள் தூங்கினாள். பிறகு மரம்போல உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கியது, வாயில் எச்சில் வழிந்தது. தேசப்பன் வார்டு வரை வந்து வெளியே நிற்பான். அவளுக்குக் கேட்கும்படி பேசக்கூடாது, முகமும் காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குல்சும் வெளியே வந்து, இன்று இட்லி தின்றாள், இன்று பிள்ளையைக் கேட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவாள். தை போய் மாசி வந்தது. ஒரு நாள் டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டு அவளுக்கு எதிரே உட்கார வைத்தார்.

"இது யாரும்மா?"

அவள் நிதானமாகப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரு. தேசப்பன்."

தேசப்பன் அழுதான். அவள் அழவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று பஸ்ஸில் அவள் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மந்தைவெளியில் இறங்கிக் குப்பத்தை நோக்கி நடந்தபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"கங்கா. தட்டிக்குப் பின்னால நாம பேசினது நெனவு கீதா?"

"எல்லாம் கீது."

"நாதான் அது."

"தெரியும்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். முகத்துவாரத்திலிருந்து உப்புக் காற்று வந்தது. குறுக்கே ஒருத்தி காலிக் கூடையோடு போனாள். கங்கம்மாவைப் பார்த்து, நல்லாகிட்டியா என்று தலையாட்டினாள்.

"அந்த இன்னொருத்தன்…" என்று ஆரம்பித்தான்.

"அவனும் நீதான்." அவள் நின்றாள். "டாக்டரு கேட்டாரு, ரெண்டு பேரா ஒருத்தனான்னு. ஒருத்தன்தான்னு சொன்னேன். ஒருத்தன்தான்னு தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்புவாங்க. மாத்திர துண்ணுத் துண்ணு, நெசமாவே ஒருத்தனாயிட்ட. ரெண்டு பேரா இருந்தப்ப எனக்கு ஒருத்தனாச்சும் இருந்தான்யா."

அவன் கைகூப்பப் போனான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சொம்மா கும்புடாத. ஒண்ணு கேட்டுக்க. அன்னிக்கி ஆளு தெரியாம வெட்டுனேன். இனிமே குட்ச்சிட்டு வந்து கை வெச்சா, ஆளு தெரிஞ்சே வெட்டுவேன்."

குடிசை வாசலில் கோவிந்தம்மா குழந்தையோடு நின்றாள். நெற்றியில் தழும்பு காய்ந்திருந்தது. கங்கம்மா கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டு அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கங்கம்மா நீட்டிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இருக்கட்டும்கா, நாளாவும்" என்று உள்ளே போனாள். பங்குனி பிறந்ததும் கூடையை எடுத்தாள். மாத்திரையால் நாக்கு கொஞ்சம் தடித்துப் போயிருந்தாலும் தெருக்காரர்களோடு பழையபடி சண்டை போட்டாள். சித்திரையில் குழந்தை அவளிடம் வந்தது.

தேசப்பன் குடியை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. ஆவணியில் சாராயக் கடைகளை மறுபடி மூடினார்கள். பிறகும் மணலுக்குள் புதைத்துக் காய்ச்சுவது நடந்தது. மீன் நன்றாகக் கிடைத்த நாட்களிலும் ஒன்றுமே கிடைக்காத நாட்களிலும் அவனுடைய கால் அந்தப் பக்கம் போனது. ஆனால் அப்படிப்பட்ட நாட்களில் அவன் வீட்டுக்கு வருவதில்லை. லூர்துசாமியின் குடிசையில் போய் விழுந்துவிடுவான். காலையில் கங்கம்மா கூடைக்கு மீன் எடுக்கப் போகிற வழியில் அங்கே நிற்பாள்.

"உள்ள யாரு கீறது லூர்தண்ணா?"

லூர்துசாமி எட்டிப் பார்ப்பான். "இன்னும் அவன்தான்மே கீறான்."

"செரி" என்று கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கங்கம்மா போய்விடுவாள்.